வெட்டினவன் நம்பர்

என் தங்கை வேனை என் கண்ணாடிக் கடைவாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். கையில் வண்டிச் சோதனை ஆபீசில் கொடுத்த ஒரு தாள். முகம் உப்பியிருந்தது.

"அண்ணே, உன் கண்ணாடி ஃபெயிலு."

"என் கண்ணாடியா? பிரேக்கைப் பார்த்தாங்களா, டயரைப் பார்த்தாங்களா?"

"அதெல்லாம் பாஸ். நீ போட்ட சைடு கண்ணாடிதான் ஃபெயில். அதுல முத்திரை இல்லையாம்."

தாளை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். ஆனால் ஆபீஸ்காரர்கள் எழுதியதைப் படிக்கப் பொறுமை கிடையாது. அவளையே படிக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் மறுசோதனை. அதில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் அவள் ஏற்றிப் போகும் பதினொரு பிள்ளைகளையும் திங்கட்கிழமை முதல் வேறு வேனுக்கு மாற்றிவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று புதன்.

புருஷன் போன பிறகு அவளாகத் தேடிப் பிடித்த வேலை அது. ஒன்பது வருஷமாக ஓட்டுகிறாள். தினமும் காலையில் அந்தப் பிள்ளைகளை நாலு வார்த்தை திட்டாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

போன மாதம் மரக்கிளை விழுந்து வேனின் பக்க ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. வேன் பழசு. அதற்குக் கண்ணாடி தயாராகக் கிடைக்காது. நான்தான் பெரிய கண்ணாடித் தகட்டிலிருந்து வெட்டிப் போட்டேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய ரகம். உடைந்தாலும் சிதறாது, தாளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் கீறி, முறித்து, கீறலில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் தாள் இளகும். அப்போது பிளேடு விட்டு அறுக்க வேண்டும். நாற்பது வருஷமாகச் செய்கிறேன்.

தகட்டின் ஒரு மூலையில் நகம் அளவுக்கு முத்திரை இருந்தது. யார் செய்தது, எந்த ரகம், எந்தச் சோதனையில் தேறியது என்று அதில் இருக்கும். ஆனால் அந்தப் பக்க ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. வெளுத்த ஓரம் எனக்குப் பிடிக்காது. அதனால் ஒரு சாண் அகலத்துக்கு அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ளினேன். முத்திரையும் அதோடு குப்பை டிரம்முக்குப் போய்விட்டது.

"முத்திரையை வெட்டிப் போட்டுட்டு எனக்கு மொட்டைக் கண்ணாடி மாட்டியிருக்க" என்றாள் தங்கை.

"முத்திரையா கண்ணாடியைத் தாங்குது?"

"ஆபீஸ்ல போய்ச் சொல்லு அதை."

எங்கள் பேச்சு பக்கத்துக் கடைக்குக் கேட்டிருக்கும். அங்கே நம்பர் பலகை எழுதுகிறவன் எட்டிப் பார்த்தான். தெருவில் அவனை அச்சு என்போம்.

"அண்ணாச்சி, இதுக்கா சண்டை? முத்திரை எந்தக் கம்பெனிது வேணும் சொல்லுங்க. பத்து நிமிஷத்துல ஆசிட் வச்சு அரிச்சுத் தர்றேன். அசல் தோத்துடும்."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை தெரிந்தது.

"இவன் போன வாரம் ஒருத்தனோட வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கே முத்திரை போட்டுக் கொடுத்தான். அந்தக் கண்ணாடி உடைஞ்சா ஒவ்வொரு துண்டும் கத்தி. இவன் கை படறதுனாலதான் நான் எந்த முத்திரையையும் நம்பறதில்ல" என்றேன்.

"தொழிலைப் பழிக்காதீங்க அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே போனான். வெட்கம் என்பது துளி கிடையாது.

டிரம்மைக் கவிழ்த்து, கையைக் கிழித்துக்கொண்டு, அந்த மூலைத் துண்டைத் தேடி எடுத்தேன். துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் ஆபீசுக்குப் போனோம்.

வண்டிகளைச் சோதிக்கிற அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் சின்ன டார்ச். துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை சரியாத்தான் இருக்கு பெரியவரே. ஆனா இது வேன்ல இல்லையே. உங்க கையில இருக்கு."

"ரெண்டும் ஒரே தகடும்மா. நான் வெட்டினது."

"நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்பறது?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஏறின வேகத்திலேயே இறங்கியும் விட்டது. என் கடைக்கு ஒருவன் கையளவு துண்டைக் கொண்டுவந்து, மிச்சம் வண்டியில் இருக்கிறது, நம்பு என்றால், நான் அவனைத் தெரு முனை வரை துரத்தியிருப்பேன்.

"வெட்டி மாட்டறவங்க முத்திரையையும் தங்களோட நம்பரையும் கண்ணாடியில பொறிக்கணும். அதான் விதி. உங்க நம்பர் என்ன?"

"நாற்பது வருஷமா நம்பர் இல்லாமத்தான் வெட்டறேன்."

"அதனாலதான் இப்ப இங்க நிக்கறீங்க."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம்பர் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வெட்டின மாதிரித் துண்டைச் சோதிக்க வேண்டுமாம். தேறினால் அன்றே நம்பர். மறுநாள் காலையில் நல்லதாக மூன்று துண்டு கொண்டுவருகிறேன் என்றேன்.

"நீங்க கொண்டுவர வேண்டாம். நானே கடைக்கு வந்து எடுத்துக்கறேன்."

சொன்னபடி மறுநாள் எட்டரை மணிக்கு வந்துவிட்டார். நான் துடைத்து வைத்திருந்த புதுத் தகடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேனுக்கு வெட்டின தகட்டோட மிச்சம் எங்க?"

சுவரோரம் சாத்தியிருந்தது. கொண்டுபோன மூலைத் துண்டை அதன் ஓரத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினேன். முறிவு முறிவோடு பொருந்தியது. "இதுலயே வெட்டுங்க, அடிக்கு அடி, மூணு" என்றார். பக்கத்தில் நின்று நான் ஸ்பிரிட்டைப் பற்றவைப்பது வரை பார்த்தார்.

வெட்டும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அந்த ஓரம் ஏன் வெளுத்திருந்தது? வியாபாரி தகட்டை மழையில் போட்டிருப்பானோ? தாளின் பிடிப்பு போயிருந்தால்? வெளுத்ததைத் தள்ளிவிட்டேன் என்று இருந்துவிட்டேன். மிச்சத்தை நான் அடித்துப் பார்க்கவில்லை. மூலையில் முத்திரை இருக்கிறதே என்று விட்டிருக்கிறேன், நான்! ஒரு மாதமாக அந்த ஜன்னலில் சாய்ந்துகொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். நம்பர், சான்றிதழ் எதுவும் அப்போது என் மனசில் இல்லை.

சோதனை அறையில் ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் துண்டைப் படுக்க வைத்தார்கள். இரண்டாள் உயரத்தில் ஆரஞ்சுப் பழம் அளவு இரும்புக் குண்டு தொங்கியது. தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே உனக்கு இப்படி வேர்க்குது?"

"சும்மா இரு."

குண்டு விழுந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை மாதிரி விரிசல். குண்டு அதன் நடுவே குழியில் உட்கார்ந்திருந்தது. கீழே வைத்திருந்த கறுப்புத் துணியில் உப்புக்கல் அளவில் ஏழெட்டுத் தூள். அவ்வளவுதான். அந்த அம்மா துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், வளைத்தார், அடியில் தடவிப் பார்த்தார். அடுத்ததை வைத்தார். அதுவும் தாங்கியது. மூன்றாவதும் தாங்கியது.

"நல்ல கண்ணாடிதான் பெரியவரே."

"எனக்குத் தெரியும்" என்றேன். பொய். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கூடவே பெரியவர்கள் மேல் வருகிற மாதிரி ஒரு மரியாதை அந்தக் குண்டின் மேல் வந்தது. அதற்கு அண்ணன் தங்கை தெரியாது, நாற்பது வருஷமும் தெரியாது.

மாலையில் நம்பர் கொடுத்தார்கள். நாலு இலக்கம். வைரமுனைப் பேனாவை எடுத்து, வேன் கண்ணாடியின் கீழ் மூலையில், பழைய மூலைத் துண்டின் முத்திரையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பொறித்து, அதன் கீழே என் நம்பரையும் போட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. அச்சு வந்து குனிந்து பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு? நான் போட்டிருந்தா மணி மணியா இருந்திருக்கும்."

"அதனாலதான் உன்கிட்ட கொடுக்கல. போடா."

தங்கை இருக்கையில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "ஏழு நொண்டுது அண்ணே. ஆனா பரவால்ல, நம்ம ஏழு."

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா வேனைச் சுற்றி வந்தார். எங்கள் கண்ணாடி அருகே நின்று, டார்ச் அடித்து, நம்பரைத் தாளோடு ஒப்பிட்டார். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, முத்திரை மேல் வைத்து, அழிகிறதா என்று அழுத்தித் தேய்த்தார். நேற்று அவரே கொடுத்த நம்பர். என் துண்டுகளை அவரே உடைத்துப் பார்த்திருக்கிறார். இருந்தும் தேய்க்கிறார்.

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

"நல்லாத் தேய்ங்கம்மா. அந்தப் பக்கமும் தேய்ங்க" என்றேன்.

தங்கை மணி பார்த்தாள். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் சாவகாசமாத் தேய்ச்சு விளையாடுங்க. எனக்குப் பதினொரு பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்குதுங்க." தாளில் கையெழுத்து விழுந்ததும் பறித்துக்கொண்டு, என்னை அங்கேயே நிற்கவிட்டு வேனைக் கிளப்பிப் போய்விட்டாள். ஆபீசிலிருந்து கடை வரை நடந்தேதான் வந்தேன். நல்ல இளவெயில்.