முப்பது மீட்டர் ஆகாயம்

அந்த மலை விமான நிலையத்தின் ஓடுதளம் ஐந்நூற்று இருபது மீட்டர் நீளம். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பிரேக் பிடிக்காத சிறிய விமானம் ஒன்று ஐந்நூற்று ஐம்பதாவது மீட்டரில் வந்து நின்றது. எல்லையில் வரைந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அங்கே பள்ளத்தாக்குதான். சக்கரங்கள் மூன்றும் வெறுங்காற்றின்மேல் நின்றன. வயிற்றுக்குக் கீழே மேகமொன்று கடந்து போயிற்று. விமானியும் பயணிகள் பதினான்கு பேரும் இறங்கி, தரையில்லாத தூரத்தை நடந்தே கடந்தார்கள். ஒருவர் குடையை மறந்துவிட்டதாகத் திரும்பிப் போய் எடுத்துவந்தார்.

அவர்களைக் கைபிடித்து அழைத்துவந்தவள் ஓடுதளம் பெருக்குகிறவள். விமானம் இறங்குமுன் தளம் முழுவதும் நடந்து, சுழல்விசிறியில் தெறிக்கக்கூடிய சிறு கல்லையும் பொறுக்கி எடுப்பது அவள் பணி. பதினெட்டு ஆண்டுப் பணி. பதினெட்டு ஆண்டும் தற்காலிகம். கோடு வந்ததும் நிற்கும் வழக்கம் அவளிடம் இல்லை. கண் கல்லைத் தேட, கை துடைப்பத்தை வீச, அதே வேகத்தில் மேலும் முப்பது மீட்டர் காற்றையும் சுத்தம் செய்துவிட்டே திரும்புவாள்.

கோபுரத்திலிருந்து விமானிகளோடு வானொலியில் பேசுகிறவர் சன்னலைத் திறந்து கேலி செய்வார். "அக்கா, அங்க தரையே இல்லையே, எந்தக் குப்பைய அள்ளுறீங்க?"

"பாஞ்சு வர்றவனுக்குக் கோடு கண்ணுல படுமா தம்பி? நீங்க டீயக் குடிங்க, ஆறிடப் போகுது."

அவள் பெருக்கிய காற்றுதான் அத்தனை உயிர்களையும் தாங்கியது. விசாரிக்க வந்த மூவர் குழு நாடா பிடித்து அளந்து, காற்றைக் காலால் தட்டிப் பார்த்து, உண்மையென ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு குற்றவாளியைத் தேடியது. பதினெட்டு ஆண்டுகளில் அவளுக்கு ஒரு மழைக்கோட்டு கொடுக்க உத்தரவு போடத் தெரியாதவர்கள், எந்த உத்தரவின்பேரில் எல்லை தாண்டிப் பெருக்கினாய் என்று கேட்டார்கள்! அவளிடம் காகிதம் இல்லை. துடைப்பம் பறிக்கப்பட்டது; அவள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள்; விமானம் சாட்சிப் பொருளாகக் காற்றிலேயே விடப்பட்டது. அவளுடைய இடத்தில், விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்த ஒருவர் நியமிக்கப்பட்டு, கோட்டின் விளிம்பில் அளவெடுத்தாற்போல் நின்று பெருக்கினார்.

பெருக்காத காற்றில் தூசி படிந்தது. விமானம் நாளுக்கொரு விரற்கடை தாழ்ந்தது. ஐந்தாம் நாள், பிரேக்கைச் சோதிக்கக் குழுத் தலைவர் உள்ளே ஏறியபோது முன்சக்கரம் முழங்கால் ஆழம் இறங்கியது. வாசற்படியில் கால் வைத்தவர், அடியில் தெரிந்த ஆற்றைப் பார்த்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"யோவ், சீக்கிரம் வந்து பெருக்குய்யா!"

"கோட்டத் தாண்ட எனக்கு உத்தரவு இல்லீங்க சார்," என்றார் புதியவர், மிகுந்த பணிவுடன்.

வேலை போன பிறகும் தினந்தோறும் வேலியோரம் வந்து நின்றவள் அவள். அன்றும் நின்றிருந்தாள். ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள்; கோட்டைத் தாண்டினாள். கை வீச்சு ஒன்றுக்கு ஒரு முழம் காற்று இறுகியது. கை ஓயாமலே அவள் குரல் கொடுத்தாள்.

"எழுத்துல குடுங்கய்யா. நாளைக்கு நீங்களே கேப்பீங்க, யாரு சொல்லிப் பெருக்கினேன்னு."

"முதல்ல பெருக்கும்மா!"

"பெருக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க எழுதுங்க."

தலைவர் முழங்காலில் காகிதம் வைத்து எழுதினார். ஓடுதளத்தின் நீளம் ஐந்நூற்று ஐம்பது மீட்டர்; அதில் முப்பது மீட்டர் ஆகாயம்; பெருக்குகிறவள் அன்று முதல் நிரந்தரம். அடியில் கையொப்பமும் இட்டார். விமானத்தைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்தார்கள். அடுத்த மாதம் அச்சான வரைபடங்களில் புதிய அளவு இடம்பெற்றது, எவரும் ஆட்சேபிக்கவில்லை.

இன்று அங்கே இறங்க வரும் விமானிகள் காற்றின் திசையை விசாரித்ததும் இன்னொன்றையும் விசாரிக்கிறார்கள்: "அக்கா பெருக்கிட்டாங்களா?" ஆயிற்று என்றால் இறங்குகிறார்கள். இல்லையென்றால், மலையை இன்னொரு சுற்று சுற்றி வருகிறார்கள்.