கட்டுக்குப் பதினொன்று

மார்ச் மூன்றாம் தேதி காலை ஏழு பத்துக்கு ஜப்பார் போன் செய்தார். அதற்கு முன்பே நாற்பது பெட்டிச் செவ்வந்தியும் கட்டி முடிந்திருந்தது. காளியண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

ஜப்பாருக்குக் கம்போங் ராஜாவில் கடை. காளியண்ணன் தோட்டம் போட்டிருக்கும் கோலா தெர்லா மலையின் பூக்களை வெளிநாட்டுக்கு அனுப்பித் தருபவரும் அவர்தான். ஒரு ரஷ்ய நிறுவனத்தின் விமானம், நவம்பர் முதல் பத்து நாளைக்கு ஒரு முறை பினாங்குக்குச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவந்தது. திரும்பும்போது அவர்களுடைய பைகள் போக மிஞ்சிய இடத்தில் சரக்கு ஏற்றினார்கள். இன்று மாலை போவது இந்தப் பருவத்தின் கடைசி விமானம். மார்ச் எட்டு அங்கே பெண்கள் தினம், ஊரே பூ வாங்கும் என்று ஜப்பார் சொல்லியிருந்தார். அந்த ஊரின் பெயரையும் சொன்னார். காளியண்ணனுக்கு அது வாயில் நிற்கவில்லை.

இந்தச் செவ்வந்தி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த பருவம் முழுக்கக் காளியண்ணனின் பூதான் போகும். அவர் மனைவி தவமலர் எஸ்டேட் வேலையை விட்டுவிடலாம். தேயிலை வெட்டும் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருடம் சரிவில் நடந்தவள். வலது தோள் தூக்க வராது, தலை வார இப்போது இடது கைதான். ஏப்ரலோடு நின்றுகொள்வதாகக் கங்காணியிடம் போன வாரம் சொல்லியிருந்தாள்.

ஜப்பார் நேற்று அனுப்பிய பூக்கட்டின் படத்தை ரஷ்ய வியாபாரி இன்றுதான் பார்த்திருக்கிறார். கட்டுக்கு எத்தனை பூ என்று கேட்டிருக்கிறார். ஜப்பானுக்குக் கட்டுவதுபோலப் பத்துப் பத்தாகத்தான் கட்டியிருந்தார்கள்.

"அங்க ரெட்டப்படைன்னா செத்த வீட்டுக்காம்ணே" என்றார் ஜப்பார். "நீங்க நாப்பது பெட்டி எழவுக்கு அனுப்பப் பாத்தீங்க. நல்லவேளலா, கேட்டான்."

ஒன்பதோ பதினொன்றோ, ஒற்றைப்படையாக இருந்தால் போதும். லோரி ஒன்பது மணிக்கு வரும். நாலு மணிக்குள் பெட்டிகள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

தவமலர் ஒரு பெட்டியைத் திறந்தாள். கட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையின் வாயில் விரலை விட்டு ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தண்டை உருவினாள். பெட்டியில் பன்னிரண்டு கட்டு. இரண்டு நிமிடம் ஆனது.

காளியண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். குறைத்துக் கட்டக் கூடாது என்றார். நல்ல காரியத்துக்குப் போகிற பூ. ஐம்பது கொடுக்கிற இடத்தில் ஐம்பத்தொன்று கொடுப்பதுதான் வழக்கம், யாரும் நாற்பத்தொன்பது கொடுப்பதில்லை.

"ரஷ்யாக்காரிக்கு மொய்யா எழுதுறீங்க?" என்றாள் தவமலர். "ஒன்ன எடுத்துட்டு அனுப்புங்க. அவளுக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

அவள் உருவிய தண்டுகளைத் திரும்பச் செருகினாள்.

நானூற்று எண்பது பூ வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மிச்சமிருந்த பாத்திகளில் பாதி இன்னும் மொட்டு. விரிந்ததாகப் பார்த்து, ஒரே நீளத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டியதை ஒரு மணி நேரமாவது தண்ணீரில் நிறுத்த வேண்டும். பக்கத்துத் தோட்டத்துச் செல்லம்மாவும் வந்து உதவினாள். கட்டைப் பிரித்து, ரப்பரைக் கழற்றி, பதினொன்றாவதைச் சேர்த்து, உறைக்குள் மறுபடி தள்ளினார்கள். பத்துப் பூவுக்கு அளவான உறை. சில கிழிந்தன. தவமலர் இடது கையால் தள்ளினாள்.

ஒன்பது மணிக்கு லோரி வந்து நின்றது. ஜப்பாரும் அதில் வந்திருந்தார். இறங்கி இரண்டு பெட்டியைப் பார்த்தார். தானும் ஒரு மூலையில் உட்கார்ந்து ரப்பர் மாட்டத் தொடங்கினார். பத்து மணிக்கு ஒருமுறை, மிச்சத்திலாவது ஒன்றை எடுத்தே விடலாமே அண்ணே என்றார். பாதிக்கு மேல் ஆகிவிட்டது என்றார் காளியண்ணன்.

பதினொன்று ஐம்பதுக்கு ஜப்பாரோடு லோரி புறப்பட்டது. பன்னிரண்டரைக்கு மழை பிடித்தது. சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் மலைப்பாதையில் மண் சரிந்து, ஒரு பக்கமாகத்தான் வண்டிகளை விடுகிறார்கள் என்று ஜப்பார் போன் செய்தார்.  தவமலர் இலைகளைக் கூட்டினாள். காளியண்ணன் வாளிகளைக் கழுவினார். கழுவியவற்றை இன்னொரு முறை கழுவினார்.

நாலு நாற்பதுக்கு மறுபடி போன்.

"கெஞ்சிப் பாத்துட்டேன்ணே. பிளேன் முன்னாடிதான் நிக்குது. பெட்டிய எடுக்க மாட்டேங்கிறாங்க. இருபது நிமிசம் லேட்டு."

ரஷ்ய வியாபாரி வேறு இடத்தில் பூ பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். அடுத்த பருவத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பாரும் கேட்கவில்லை. காளியண்ணன் சரி என்றார். சாப்பிட்டுவிட்டு மெதுவாக வரச் சொன்னார். வைத்துவிட்டார்.

தவமலர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். போனில் பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது. வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏப்ரல்ல நிக்கலன்னு கங்காணிகிட்ட யாரு சொல்றது, நீங்களா, நானா?"