பத்து மணிக் கையெழுத்து

குடியரசுத் தலைவர் காலை பத்து மணிக்கு மருத்துவமனை மசோதாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தொலைக்காட்சி சொன்னது. அந்த நேரத்தில் தலைவர் அம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மசோதா இன்னும் மாளிகை வாசலுக்கே வந்து சேரவில்லை.

"என்னம்மா, என்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லாம கையெழுத்து போட்டுட்டியாமே?" என்றார் கணவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாட்டின் தலைவரை வம்புக்கு இழுக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

பிரதமர் அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருஷமாக அனுப்பியதெல்லாம் மறுநாளே கையெழுத்தாகித் திரும்பியது. அம்மாள் வரிவரியாகப் படித்துத்தான் போட்டார். அது யார் கண்ணுக்குத் தெரிந்தது? பத்திரிகைகள் 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பேர் வைத்தன. அந்தப் பழக்கதோஷத்தில் செய்தியை முதலில் அனுப்பிவிட்டு, மசோதாவை மத்தியானம் சாவகாசமாக அனுப்பினார்கள்.

அரசியலுக்கு வருமுன் அம்மாள் இருபத்தாறு வருஷம் அரசு மருத்துவமனை நர்ஸ். மருந்துச் சீட்டை மூன்று முறை படிக்காமல் ஊசி போட்டதில்லை. மசோதாவின் ஒன்பதாம் பிரிவில் விரல் நின்றது. மருத்துவமனைக் குறைகளை வெளியே சொல்லும் ஊழியருக்கு இரண்டு வருஷம் சிறை.

நர்ஸாக இருந்தபோது பிரசவ வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் காலி என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளாததால், பத்திரிகைக்குச் சொன்னவர் அவர். மறுநாளே சிலிண்டர் வந்தது. இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால் கம்பி எண்ணியிருப்பார்.

சாயங்காலம் பிரதமரே வந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"செய்தி முந்திடுச்சு, மேடம். இன்னைக்கே போட்டுட்டீங்கன்னா ரெண்டு பேர் மானமும் தப்பிக்கும்."

"என் மானத்துக்கு என்ன? நான்தான் போடவே இல்லையே. மறுபடி யோசிக்கச் சொல்லி திருப்பி அனுப்பறேன்."

"ஒரு தடவதான் திருப்பலாம். நாங்க மறுபடியும் நிறைவேத்தினா நீங்க போட்டே ஆகணும்."

"போடறேன். நாட்ட ஆளுறது நீங்க, நானில்ல. ஆனா என் கடிதத்த சபாநாயகர் அவையில முழுசா படிக்கணும். அதுவும் சட்டம்தான்."

பிரதமர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். அம்மாள் கடிதம் எழுத உட்கார்ந்தார். மசோதா அப்படியே திரும்பி வந்தால், நர்ஸுகளின் வாயைத் தன் கையாலேயே கட்ட வேண்டும்.

கடிதத்தில் இவ்வளவுதான் எழுதினார்: "சிலிண்டர் காலி என்று ஒரு நர்ஸ் மூன்று முறை எழுதிக் கொடுக்கிறாள். பதில் இல்லை. நாலாவதாக அவள் யாரிடம் சொல்ல வேண்டும்? அவை பதில் தர வேண்டுகிறேன்."

முன்பு கூச்சலுக்கு நடுவே பத்தே நிமிஷத்தில் நிறைவேறிய மசோதா அது. இப்போது சபாநாயகர் படித்து முடித்தபோது அவையில் ஒருவர்கூட இருமவில்லை. பிரதமர் கட்சியின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"என் பொண்ணு நர்ஸுங்க. வீட்டுக்குப் போனா அவ இதத்தான் கேப்பா. நான் என்ன சொல்றது?"

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்பதாம் பிரிவு ஒழிந்தது. அதை நீக்கக் கை தூக்கியவர்களில் பிரதமரும் ஒருவர். வேறு வழி?

தொலைக்காட்சி முன் அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். பதவி, கௌரவம் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் காலையில் திருத்திய மசோதா வந்தது. பின்னாலேயே செயலாளர் ஓடிவந்தார்.

"பிரதமர் ஆபீஸ்லேர்ந்து லைன்ல இருக்காங்கம்மா. செய்தி தயாராம், நேரத்த மட்டும் காலியா விட்டிருக்காங்க. எத்தன மணின்னு போடறதுன்னு கேக்கறாங்க."

"படிச்சு முடிச்சுட்டு சொல்றேன்னு சொல்லுங்க."

நாற்பத்திரண்டு பக்கம். மூன்று முறை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, முழுப் பெயரையும் அழுத்தி எழுதினார்.

நாலேகாலுக்குக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார் என்று தொலைக்காட்சி சொன்னது.

"நிஜமாவா?" என்றார் கணவர்.

"இந்தத் தடவ நிஜம்."