இரண்டு மூட்டை ப்ளீச்சிங் பவுடர்

திண்டுக்கல்லுக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் வந்து சேர்வது ப்ளீச்சிங் பவுடர். ரோட்டின் இரண்டு பக்கமும், கோலம் போடத் தெரியாதவன் போட்ட கோலம் மாதிரி வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே சாக்கடை அப்படியேதான் கிடக்கும். அதிகாரி கோட்டைப் பார்ப்பார், சாக்கடையைப் பார்க்க மாட்டார். எந்த ஆட்சி வந்தாலும் இந்த மரியாதை மட்டும் மாறியதில்லை.

திங்கள்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே கோடு தெரிந்தது. போட்டுத் தொலையட்டும் என்று நடந்தேன். கோடு என்கூடவே வந்து, என் தொட்டி வரைக்கும் போய், தொட்டிக்குள்ளேயே இறங்கியிருந்தது.

என் தொட்டி என்றால் சாண எரிவாயுத் தொட்டி. சாணியைப் போட்டு ஆரம்பித்து, இப்போது மார்க்கெட் கழிவில் ஓடுகிறது. அழுகின தக்காளி, முட்டைக்கோஸ் இலை, நிலக்கோட்டையிலிருந்து வந்து விலைபோகாத மல்லிகை, எல்லாவற்றையும் கரைத்து ஊற்றுகிறோம். உள்ளே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று மீத்தேன் விடும். குப்பைக் கிடங்கில் கொட்டினாலும் அதே மீத்தேன்தான் வரும். ஆனால் அது நேராக வானத்துக்குப் போய், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். தொட்டியில் பிடித்து எரித்தால், பக்கத்துக் கடையில் ஜெய்தூன் பீவிக்கு இட்லி வேகும். இதைப் புரிந்துகொள்ள உலக மாநாடு எல்லாம் வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நுண்ணுயிரியல். அப்பா சடையாண்டி இதே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என்னை ஏசி ரூமில் உட்கார வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். இப்போது அவர் இறக்கும் மூட்டையில் அழுகியது என்னிடம் வருகிறது. குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொட்டிக்கு மேலே மிதக்கும் இரும்பு டிரம், வாயு சேரச் சேர உயரும். அன்றைக்கு அது அடியில் போய் உட்கார்ந்திருந்தது. நீச்சல் குளத்து வாடை அடித்தது.

"யாரு சார் இதுக்குள்ள பவுடரக் கொட்டுனது?"

சுகாதார மேற்பார்வையாளர் ஆனந்த்ராஜ் புதுச் சட்டையில் நின்றார். "நாந்தாம்மா. சனிக்கெழம சாயங்காலம் ரோட்டுக்குப் போட்டதுபோக ரெண்டு மூட்டை மிஞ்சுச்சு. ஒரே நாத்தமா இருந்துச்சா, உள்ள தட்டச் சொன்னேன். இன்னைக்கு வர்ற மேடம் மூஞ்சியச் சுளிச்சுட்டா?"

"நாத்தம் வந்தாத்தான் சார் அது உசுரோட இருக்குன்னு அர்த்தம். அம்புட்டுக் கிருமியையும் கொன்னுட்டீங்களே!"

"கிருமியக் கொல்லத்தானம்மா எனக்குச் சம்பளம்!"

அவர் பக்கத்தில் நியாயம்கூட இருந்தது. அதுதான் எரிச்சல்.

சென்னையிலிருந்து வரப்போகிறவர் கிளாரா மேடம். தொட்டி ஓடுகிறது என்று அவர் எழுதினால் தொட்டி பிழைக்கும். இல்லாவிட்டால் இடித்துவிட்டு டூவீலர் ஸ்டாண்ட். அதற்குக் கவுன்சிலர் மச்சான் போர்டுகூட எழுதிவைத்திருக்கிறார்.

"நேத்து மத்தியானமே தீ செத்துப்போச்சு புள்ள," என்றார் ஜெய்தூன் பீவி. "இன்னைக்கு ஊதி ஊதிப் பாத்தேன். என் மூச்சுதான் போச்சு, அடுப்பு எரியல."

ஆனந்த்ராஜ் பதறவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி ஒரு சிலிண்டர் வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த எங்கள் குழாயைப் பிடுங்கிவிட்டு, சிலிண்டர் குழாயை அடுப்பில் மாட்டினார்.

"வாயத் தொறக்காத தாயி. உன் தொட்டியும் பொழைக்கும், என் வேலையும் பொழைக்கும்."

மேடம் வந்தார். மாலை, பொன்னாடை, 'பூமியைக் காப்போம்' என்று பேனர். பேனர் பிளாஸ்டிக். மேடம் தீக்குச்சியைக் கிழித்ததும் அடுப்பு நீலமாகப் பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனந்த்ராஜ் ரொம்பச் சத்தமாகத் தட்டினார்.

"அழகா எரியுதே," என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க டிசைனா? மத்த மார்க்கெட்டுக்கும் இதையே எழுதலாம்னு இருக்கேன்."

சும்மா நின்றிருந்தால் தொட்டி பிழைத்திருக்கும். செத்த தொட்டி. அதைப் பார்த்து இன்னும் நாலு ஊரில் தொட்டி கட்டுவார்கள், திறப்பு விழாவுக்கு முதல்நாள் அங்கேயும் பவுடர் கொட்டுவார்கள், பின்னால் ஒரு சிலிண்டர் நிற்கும். குப்பை மட்டும் கிடங்கில் கிடந்து புகையும்.

சாக்கை இழுத்துப் போட்டேன்.

"இது சிலிண்டர் மேடம். தொட்டி செத்துப்போச்சு. நீங்க வாரீங்கன்னு ரெண்டு மூட்டை பவுடரக் கொட்டி நாங்களே கொன்னுட்டோம்."

கைதட்டல் பாதியில் நின்றது. "சின்னப்புள்ள மேடம், டென்சன்ல ஒளறுது," என்றார் ஆனந்த்ராஜ்.

"ஒளறல. டிரம்மப் பாருங்க, எந்திரிக்கவே இல்ல."

மேடம் குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். முகம் சுளித்தது. எந்தச் சுளிப்புக்குப் பயந்து பவுடரைக் கொட்டினார்களோ, அந்தச் சுளிப்பு பவுடர் நாற்றத்துக்கே வந்தது.

"திரும்ப ஓட வைக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"இருக்குறத எறைச்சு ஊத்திட்டுப் புதுச் சாணி போடணும். ஒரு மாசம்."

"இன்னைக்கு எரியலைன்னுதான் எழுத முடியும். ஏன் எரியலைன்னும் எழுதுவேன். இடிக்கிறதை அடுத்த மாசம் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

"தேதி மட்டும் சொல்லிருங்க மேடம், ஏற்பாடு தடபுடலாப் பண்ணிருவோம்," என்றார் ஆனந்த்ராஜ். இன்னும் புரியவில்லை மனிதருக்கு.

"மேடம், ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்," என்றேன். "சொல்லாம வாங்க."

மறுநாள் டிராக்டரில் சாணி வந்து இறங்கியது. "ஊருக்கு முன்னால என் மானத்த வாங்கிட்டியே," என்று முனகியபடியே ஆனந்த்ராஜ் சட்டையைக் கழற்றி, பனியனோடு வாளியைத் தூக்கினார். முணுமுணுத்தாலும் அன்றைக்கு அவரைவிட அதிகமாகச் சாணி சுமந்தவர் இல்லை. ஜெய்தூன் பீவி விறகடுப்புப் புகையில் இருமிக்கொண்டே எல்லோருக்கும் டீ ஊற்றினார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சாயங்காலம் தொட்டியைச் சுற்றி வந்தேன். ஆனந்த்ராஜ் கையைப் பின்னால் மறைத்தார்.

"என்ன சார் கையில?"

"ஒண்ணுமில்லம்மா. நாத்தத்துக்கு. ஓரத்துல மட்டும், லேசா..."

"சார்!"