ஏழாம் இலக்க மஞ்சள் லொறி

நாவுலைக்குப் பக்கத்தில் ஒரு குளம். அது வற்றிக் கிடக்கிற மாதங்களில் அதன் தரையில் லொறி ஓட்டப் போட்டி நடக்கும். அதற்கென்றே ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறியை வாங்கி, மாத்தளையில் இரத்தோட்டை வீதியிலிருந்த தன் கராஜில் வைத்துத் தயாராக்கினார் இத்ரூஸ். ஓட்டியது இருளாண்டி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன். குழு என்றால் இவ்வளவுதான். வளைவுகளில் லொறி ஒருபக்கம் தூக்கும்போது அந்தப் பக்கம் தொங்கி எடை கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அதுவும் இத்ரூஸ்தான். அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் இருளாண்டி கூப்பிடுவான்.

எண்பத்தொன்றில் கடைசியாக வந்தார்கள். எண்பத்து நான்கில் முதலிடம். எண்பத்தாறில் லொறி புரண்டு இருளாண்டியின் தோள்மூட்டு விலகியது. மறுவருடமே திரும்பவும் வென்றார்கள். மஞ்சள் பெயின்ட், கதவில் கறுப்பாக ஒரு பெரிய ஏழு. தம்புள்ளை வரைக்கும் சின்னப் பிள்ளைகள்கூட அந்த லொறியைக் கண்டால் கை காட்டும்.

எண்பத்தொன்பது ஓகஸ்டில் போட்டியும் இல்லை, கை காட்டுவாரும் இல்லை. அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்திருந்த சிங்கள இளைஞர்களிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தால் கடைகள் பூட்டப்பட்டன. ஓடக்கூடாது என்ற நாளில் ஓடிய பஸ் எரிந்தது. காலையில் வீதியோரம் புகைந்துகொண்டிருந்த டயர்களின் நடுவே என்ன கிடக்கிறதென்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அப்படி ஒரு நாள் காலை பத்து மணிக்கு மூன்று இளைஞர்கள் கராஜுக்குள் வந்தார்கள். ஒருவனை மற்ற இருவரும் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவன் தொடையில் கட்டியிருந்த சாரம் இரத்தத்தில் ஊறியிருந்தது. உயரமானவன் சட்டையைத் தூக்கி இடுப்பிலிருந்த துப்பாக்கியைக் காட்டினான்.

"மஞ்சள் லொறிய எடுங்க. நாவுலைக்கு அங்கால போகணும்" என்றான் சிங்களத்தில். "அத யாரும் மறிக்க மாட்டாங்க."

தோட்டத்தில் வேலை நின்றுபோய் அன்று கராஜுக்கு வந்திருந்த இருளாண்டி இத்ரூஸைப் பார்த்தான். கராஜை ஒட்டிய வீட்டில் அவர் மனைவி றாபியாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். உயரமானவன் அந்த வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூவரும் பின்னால் படுத்துக்கொள்ள, மேலே படங்கை விரித்து, பழைய டயர்களையும் சாக்குகளையும் அடுக்கினார்கள். பாதி வழியில் இராணுவம் மறித்தது. சாவடியில் நின்ற அதிகாரி கதவிலிருந்த ஏழாம் இலக்கத்தைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

"எங்க, போட்டிக்கா?"

"கியர்பொக்ஸ் மாத்தினது சேர். ஏத்தத்துல ஓட்டிப் பார்க்கப் போறோம்." இத்ரூஸின் குரல் அவருக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அதிகாரி பின்பக்கம் போய்ப் படங்கின் மேல் கையை வைத்தார். அடியிலிருந்து ஒரு முனகல். அதே நொடியில் இருளாண்டி எக்ஸலேட்டரை மிதித்தான். எஞ்சின் அலறியது. இத்ரூஸ் கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அதிகாரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, போகச் சொல்லித் தலையசைத்தார்.

நாவுலை தாண்டி ஒரு வயல் வரம்போரம் மூவரும் இறங்கினார்கள். காயப்பட்டவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"நானா, பின்னால தட்டப் பாருங்க" என்றான் இருளாண்டி. தட்டின் பலகை இடுக்கெல்லாம் இரத்தம்.

வாய்க்கால் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, மணல் போட்டுத் தேய்த்தார்கள். திரும்பும்போது அதே சாவடியைத்தான் தாண்டியாக வேண்டும். அதிகாரி இருந்த இடத்திலிருந்து எழும்பவில்லை. ஈரத் தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லொறி முழுசா நிண்டா நாங்க ரெண்டு பேரும் மௌத்து" என்றார் இத்ரூஸ், கராஜுக்கு வந்ததும். "அவங்க திரும்ப வந்து கேப்பாங்க. இல்லாட்டி ஆமிக்காரன் வருவான்."

"எஞ்சினையாவது வச்சுக்குவோம் நானா."

"ஒரு ஆணியும் வேணாம்."

ஆறு நாள் கழற்றினார்கள். எட்டு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஒவ்வொரு உறுப்பும் எந்த ஓட்டத்துக்குப் போட்டதென்று இருவருக்கும் தெரியும். கதவுகளை வெட்டித் துண்டாக்கியபோது மட்டும் இருளாண்டி வெளியே போய் நின்றுகொண்டான். எஞ்சினும் டயர்களோடு சில்லுகளும் தம்புள்ளை மரக்கறி லொறிக்காரர்களிடம் பிரிந்து போயின.

எட்டாம் நாள் ஜீப் வந்தது. அதே அதிகாரி, கூட நான்கு சிப்பாய்கள். இருளாண்டி தோட்டத்துக்குப் போயிருந்தான். இத்ரூஸ் தனியாக நின்றார். உள்ளே றாபியா ஓதுவது மெல்லக் கேட்டது.

"லொறி எங்க?"

"கழட்டி வித்துட்டேன் சேர். ஓட்டமும் இல்லத்தானே."

விலைபோகாமல் கிடந்த துருப்பிடித்த வெறும் சட்டகத்தை அதிகாரி சுற்றி வந்தார். சிப்பாய்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இத்ரூஸின் காதருகே குனிந்தார்.

"அண்டைக்குப் படங்குக்கடியில முனகினது எனக்கும் கேட்டுச்சு. லொறி முழுசா நிண்டிருந்தா உன்னையும் சேத்துக் கொண்டு போகத்தான் வந்தேன்."

ஜீப் போனதும் றாபியா வந்து இத்ரூஸின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். முனகல் கேட்டும் அதிகாரி சாவடியில் ஏன் விட்டார் என்று அவருக்கு அன்றும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை.

தொண்ணூற்று நான்கில் குளத்தில் மறுபடி போட்டி தொடங்கியது. தம்புள்ளைக்காரர் ஒருவரின் லொறியை ஓட்ட இருளாண்டியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து அவரையும் கூப்பிட்டபோது, "நீ போ, நான் வரல்ல" என்றார் இத்ரூஸ். போட்டியன்று பகல் முழுக்க அவர் கராஜைத் திறக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. சாயந்தர பஸ்ஸில் இருளாண்டி வந்து இறங்கினான்.

"நாலாவதுதான் நானா" என்றான்.

"அடிகிடி பட்டிச்சா?"

"இல்ல."

"அப்ப உள்ளுக்கு வா" என்று சொல்லி, றாபியாவிடம் இரண்டு பேருக்கும் சோறு போடச் சொன்னார்.