முன்பதிவு செய்யாத அக்கா

1
இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிலும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வேனில் பத்து நாள் சுற்றலாம் என்று அக்கா கூப்பிட்டாள். வண்டியை நிறுத்த எந்த முகாமிலும் இடம் பதிவு செய்யவில்லை என்பதைப் பாதி வழியில்தான் சொன்னாள்.

"அப்ப எங்கக்கா தங்குறது?"

"வண்டியிலதான். பின்ன எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?"

2
'சுதந்திரம் என்பது...' (அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

'முப்பது வருடம் பல் மருத்துவமனையில் அடுத்தவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவள், ஓய்வு பெற்றதும் தனக்கென்று எதையும் குறித்துக்கொள்ள மறுத்து...' இது எனக்குப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. முகாமுக்குப் போன் பண்ணா பாட்டு போட்டே காக்க வைக்கிறான். எனக்குப் பொறுமை இல்ல."

காரணமில்லாத கதாபாத்திரம். எழுதுகிறவனுக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை.

3
நான்காம் நாள் மதியம், ஏரிக்கரை முகாமில் இடமில்லை என்றார்கள். மழை தூறியது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அக்கா சாலையோரம் ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தி, முற்றத்தில் ஒருநாள் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பட்டறைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.

"பல்லு வலிங்க," என்றார் அவர் மனைவி. "மாத்திரையைப் போட்டுட்டு வேலை பாக்குறாரு. டாக்டர் நாளன்னைக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

"துண்டை எடுங்க. வாயைத் திறங்க," என்றாள் அக்கா.

வாயில் இரண்டு விரல்கூட நுழையாது. வீக்கம் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. எச்சில் விழுங்கத் திணறினார்.

"நாளன்னைக்கு வரைக்கும் தாங்காது. மூச்சை அடைச்சிடும். வண்டியில ஏறுங்க."

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. யாரை உடனே உள்ள அனுப்பணும்னு முப்பது வருஷம் பாத்தவ."

(டாக்டர் என்று துணிந்து பொய் சொன்னாள் என முதலில் எழுதியிருந்தேன். அந்தப் பொய் என்னுடையது.)

4
மருத்துவமனைக்கு ஐம்பது நிமிடப் பயணம். "படுக்க விடாத, நிமித்தியே உக்கார வை," என்று ஓட்டியபடியே சொன்னாள். அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அக்கா பதறவில்லை; ஹாரன்தான் கொஞ்சம் பதறியது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா..." என்று மருத்துவர் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நானும் அந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். கழுத்தில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். பெஞ்சில் அந்தம்மாவின் கையை அக்கா விடவேயில்லை. மறுநாள் காலையில் பட்டறைக்காரர் கண் விழித்து, பேச முடியாமல் எழுதிக் கேட்ட முதல் கேள்வி: 'பட்டறையைப் பூட்டினியா?'

அந்தம்மா அழுதுகொண்டே சிரித்தார். "எப்ப வந்தாலும் எங்க முற்றத்துல உங்களுக்கு இடம் இருக்குங்கக்கா."

"ஐயோ, பேரை எழுதி வச்சிடாதீங்க," என்றாள் அக்கா.

5
முடிவு. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்பதாக ஒன்று எழுதினேன். முகாமில் இடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீதி சொல்வதாக இன்னொன்று. "ரெண்டுமே நல்லால்ல," என்றாள்.

நடந்தது இவ்வளவுதான்: மருத்துவமனை வாசலில் சாவியை என்னிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீ ஓட்டு. எங்கேன்னு மட்டும் என்னைக் கேக்காத."

வாசலைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சாலை. நான் எந்தப் பக்கம் போனேன் என்று எழுதினால், திட்டம் போட்டுப் போனதுபோல் ஆகிவிடும். அக்கா சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வண்டியை நீங்களே திருப்புங்கள்.