பதினோரு பூச்சு

அம்மிக்குழவியால் கிங்ஸ்லி மூன்றாவது தடவை ஓங்கி அடித்தபோது ஸ்டூல்தான் ஆடியது. முன்வாசலின் இரட்டைக் கதவில், திறக்காத கதவின் மேல்தாழ்ப்பாள் அசையவில்லை. பின்னால் கூடத்தில், காலையில் கண்ணை மூடிய அவனுடைய அம்மா சாரம்மாள் வெள்ளைச் சேலையில் கிடந்தாள். மணி பன்னிரண்டு. நாலு மணிக்கு அடக்கம்.

"ஏலே, நிலையப் பேத்துராத," என்றார் சித்தப்பா பாக்கியசீலன். "பின்வாசல் அகலமாத்தான இருக்கு? அங்கன கொண்டு போயிருவோம்."

பின்வாசல் கக்கூஸ் சந்தில் போய் முடியும். கல்யாணமாகி வந்த அன்று முன்வாசலின் இரண்டு கதவும் திறந்து உள்ளே வந்த அம்மா, அப்படியேதான் வெளியே போவேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒற்றைக் கதவில் சவப்பெட்டியைச் சரித்துத்தான் எடுக்க வேண்டும். அம்மாவைச் சரிப்பதா?

குற்றவாளி வேறு யாருமில்லை, கிங்ஸ்லியேதான். அப்பா அப்பாத்துரையின் பெட்டி போன பிறகு இரண்டாவது கதவைத் திறக்கும் வேலை வரவில்லை. எண்பத்தைந்தாம் வருஷக் கிறிஸ்துமஸ் தொடங்கித் தொண்ணூற்றைந்து வரை வருஷம் தவறாமல் பச்சை எனாமல் அடித்தான். கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இழுப்பு.

"பழசச் சுரண்டிட்டு அடில, சோம்பேறி!" என்று அம்மா கீழே நின்று கத்துவாள்.

"ஆகட்டும்மா" என்று பிரஷ்ஷைத் தோய்ப்பான். பதினோரு ஆகட்டும்மா.

முக்கூடலில் இருந்து வந்து அழுதுகொண்டிருந்த தங்கை ஜெசி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, இரும்புக் கட்டில் பெயிண்ட அம்மா எப்படி எடுத்தா? நெனப்பிருக்கா?"

நினைவிருந்தது. உடனே கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்தார்கள். கந்தல் துணியை அதில் முக்கித் தாழ்ப்பாளில் சுற்றினார்கள். ஆறியதும் அடுத்தது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கிங்ஸ்லியின் விரல்கள் வெந்து சிவந்தன. இரண்டு மணிவரை ஒன்றும் நடக்கவில்லை.

"சொன்னா கேளுல," என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, பின்வாசல்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

மூன்றாகும்போது பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கியது. தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டினான். பச்சைக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பச்சை. பிறகு அப்பா அடித்த நீலம். அதற்குக் கீழே பளிச்சென்று பித்தளை! இடுக்கில் கோணியூசியை விட்டு நோண்டி, தேங்காயெண்ணெய் ஊற்றி, இரண்டு கையாலும் இழுத்தான்.

தாழ்ப்பாள் 'டக்'கென்று இறங்கியது.

"தொறந்துட்டும்மா!" என்று கத்தினான். எழவு வீடென்பதே மறந்துவிட்டது. ஜெசி கைதட்டினாள். ஜெபம் பண்ண வந்திருந்த போதகர், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானும் தட்டினார். பாக்கியசீலன் கதவை இழுத்துச் சுவரோடு சேர்த்துவிட்டு, "எங்க மதினி லேசுப்பட்டவளா?" என்று உரக்கச் சொல்லி அழுதார்.

நாலு மணிக்குச் சாரம்மாள் நேராகப் போனாள். வாசற்படியில் யாரும் தோளைத் திருப்பவில்லை. முன்னால் தூக்கிய கிங்ஸ்லிக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. தெருவே பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தான்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்தக் கதவச் சாத்தட்டுமாண்ணே?"

"ரெண்டும் கெடக்கட்டும்."

கால் கழுவிவிட்டு வந்த கிங்ஸ்லி, சிரட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு கீழ்க்கீலின் பக்கத்தில் உட்கார்ந்தான்.